வால் இல்லாத விமானமே நமக்கு வேண்டும்!



வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிவியல் மன்றக் கூட்டம். பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்த 6,000 ரூபாயை எதில் செலவு செய்வது என்று அன்றைக்கு முடிவாகிவிடும். பறக்கிற பொருள் ஒன்று வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. எது என்பதில்தான் சண்டை! ஒரு கட்சி, கேமரா வைத்த ட்ரோன் கேட்கிறது. இன்னொரு கட்சி, பெட்டியைப் பிரித்ததும் பறக்கிற ரெடிமேட் ரிமோட் விமானம் கேட்கிறது. மூன்றாவது கட்சியில் இப்போதைக்கு நானும் 8-ஆம் வகுப்புத் தம்பி தங்கைகள் சிலரும்தான் இருக்கிறோம். எங்கள் கட்சி கேட்பது: தெர்மாகோலில் நாமே வெட்டி, நாமே ஒட்டி, ரேடியோ ரிமோட்டில் ஓட்டுகிற 'பறக்கும் இறக்கை' கிளைடர். மோட்டார் கிடையாது. வால் கிடையாது. நடு உடம்பும் கிடையாது. வெறும் இறக்கை மட்டும்.

"வெறும் இறக்கை எப்படிடா பறக்கும்? வால் இல்லாத காத்தாடி மாதிரி குட்டிக்கரணம் போடும்" என்று பெஞ்சில் சிரித்தார்கள். நல்ல கேள்விதான். காத்தாடியிலிருந்தே பதில் சொல்றேன். நம்ம ஊரில் காத்தாடி விடாத பையன் யாராவது உண்டா? (மாஞ்சா போடாமல் விட்டவர்களைத்தான் சொல்றேன், தலைமையாசிரியர் ஐயா மன்னிக்கவும்!) புதுசாக விடுகிறவன் காத்தாடி ஆடாமல் இருக்க ஒரு நீளத் தாள் வாலை ஒட்டுவான். தேர்ந்த கை ஒட்டாது. சூத்திரம் கட்டுகிற இடத்தை ஒரு விரல் அளவு மேலே கீழே நகர்த்தியே காத்தாடியை நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடும். பறக்கும் இறக்கையும் அப்படித்தான். வால் செய்கிற வேலையை, எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் இறக்கையின் வடிவமும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

இன்னும் சரியாகச் சொன்னால் வால் இல்லை என்பதே பாதிப் பொய். இறக்கை இரண்டும் பின்பக்கமாகச் சாய்ந்து, அம்புக்குறி மாதிரி இருக்கும். அதனால் நுனிகள் மூக்கிலிருந்து ரொம்பப் பின்னால் போய்விடும். அந்த நுனிகள்தான் வால். பின் விளிம்பை 2, 3 மி.மீ. மேல்நோக்கி வளைத்துவிட்டால் அங்கே காற்று கீழ்நோக்கித் தள்ளும். மூக்கு குத்தாமல் நிமிர்ந்தே இருக்கும். (பக்கத்துத் தாளில் படம் வரைந்திருக்கிறேன். சிவப்பு மையில் இருப்பது காற்று.)

ஓட்டுவதும் எளிது. சாதாரண விமானத்தில் ஏறி இறங்க ஒரு மடிப்பு, சாய்ந்து திரும்ப வேறு மடிப்பு. இதில் பின் விளிம்பில் இடமும் வலமும் ஒவ்வொரு மடிப்பு, அவ்வளவுதான். அதற்கு எலிவான் என்று பெயர். இரண்டும் மேலே போனால் மூக்கு ஏறும். ஒன்று மேலே, ஒன்று கீழே போனால் சாயும். ஆக இரண்டே சர்வோ மோட்டார். ஓட்டும்போது அசைகிற பாகமே இரண்டுதான். கெட்டுப்போகவும் இரண்டுதானே இருக்கு!

இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி, அதுவும் ஆவடிச் செய்தி. டி.ஆர்.டி.ஓ. நிறுவனம் 'ஸ்விஃப்ட்' என்ற ஆளில்லா விமானத்தை உருவாக்கியது. அது பறக்கும் இறக்கை வடிவம். 2022 ஜூலை 1-ஆம் தேதி கர்நாடகாவில் சித்ரதுர்கா சோதனைத் தளத்தில் முதன்முதலாகப் பறந்தது. 2023 டிசம்பரில் வாலே இல்லாத வடிவத்தில் பறந்து காட்டியது. இப்படி வாலில்லாமல் கட்டுப்படுத்தும் வித்தை உலகத்தில் சில நாடுகளிடம் மட்டுமே இருக்கிறது. அந்த விமானம் ஓடி ஏறி இறங்கும் சக்கர அமைப்பை வடிவமைத்தது யார் தெரியுமா? நம்ம ஆவடியில் இருக்கிற சி.வி.ஆர்.டி.இ.! டாங்கி செய்கிறவர்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. 2021-லேயே அந்தச் சக்கரங்களைச் செய்து ஒப்படைத்துவிட்டார்கள். நம் வகுப்பில் எத்தனை பேருடைய அப்பா, மாமா ஆவடித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள்! அவர்களைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் ஜாக் நார்த்ராப் என்பவர் இந்த வடிவத்துக்காகவே வாழ்நாளைச் செலவழித்தார். அவருடைய சின்ன மாதிரி விமானம் 1940-இல் பறந்தது. ஒய்.பி.49 என்ற பெரிய ஜெட் 1947-இல் பறந்தது. 1948-இல் அதில் ஒன்று விழுந்து நொறுங்கி அதிலிருந்தவர்கள் இறந்தார்கள். அதில் இறந்த க்ளென் எட்வர்ட்ஸ் என்ற விமானியின் பெயரைத்தான் பிறகு எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்கு வைத்தார்கள். திட்டத்தையே கைவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து 1989-இல் பி-2 பறந்தபோது அதன் இறக்கை நீளம் 172 அடி. பழைய ஒய்.பி.49-இன் நீளமும் அதேதான்! இடையில் மாறியது, நொடிக்கு நொடி மடிப்புகளைத் திருத்திக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர். பெரிய விமானத்துக்கு அது தேவை. மெதுவாகப் பறக்கிற நம் தெர்மாகோலுக்குத் தேவையில்லை. எடை சரியான இடத்தில் இருந்தால் போதும்.

சரி, ட்ரோன் ஏன் வேண்டாம்? ட்ரோன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் அதில் சமநிலை செய்வது உள்ளே இருக்கிற ஒரு சில்லு. நாம் விரலை எடுத்தாலும் அது அந்தரத்தில் நிற்கும். ஏன் நிற்கிறது என்று கேட்டால் பெட்டிக்குள்ளே பதில் இருக்கு, ஆனால் திறந்து பார்க்க முடியாது. இறக்கை உடைந்தால் கம்பெனிப் பாகம்தான் வாங்கணும். அதைவிடப் பெரிய விஷயம், விலை உயர்ந்த பொருளைப் பள்ளியில் யார் தொட விடுவார்கள்? ஆய்வகக் கண்ணாடி பீரோவில் இருக்கிற தொலைநோக்கியை நம்மில் எத்தனை பேர் தொட்டிருக்கிறோம்? கண்காட்சி அன்றைக்கு ஒரு அண்ணன் ஓட்டுவார், மீதி 400 பேர் அண்ணாந்து பார்ப்போம். கழுத்து வலிதான் மிச்சம்.

ட்ரோன் கட்சிக்காரர்கள் உடனே "தல அஜித்தே ட்ரோன் டீம்ல இருந்தாரே!" என்கிறார்கள். இருந்தார், உண்மைதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாணவர்கள் ட்ரோனைக் கடையில் வாங்கிக்கொண்டு போகவில்லை, செய்துகொண்டு போனார்கள். அஜித்தும் வெகுகாலமாக மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர். ஆக, தல நம்ம கட்சி!

இப்போது தெர்மாகோலுக்கு வருகிறேன். எந்த நுரையில் செய்வது என்பதில்தான் காரியமே இருக்கிறது. நான்கு பொருள் பார்த்தோம்.

முதலாவது, எல்லோரும் புராஜெக்ட்டுக்கு வாங்குகிற சன்போர்டு. பார்க்க வழவழப்பு, வெட்ட அழகு. ஆனால் கனம். நாம் நினைக்கிற 1 மீட்டர் இறக்கையை 3 மி.மீ. சன்போர்டில் வெட்டினால் பலகை மட்டுமே 250 கிராமைத் தாண்டிவிடும். அது பறக்காது, விழும். அடுத்தது, டி.வி. பெட்டிக்குள் வளைந்து வளைந்து வரும் மெத்தென்ற பேக்கிங் ஃபோம். அதை மடித்தால் மடிந்தபடியே இருக்கும், இறக்கைக்கு விறைப்பு வேண்டாமா? மூன்றாவது ஈ.பி.பி. என்கிற நுரை. கார் பம்பருக்கு உள்ளே வைக்கிறார்களே, அந்த ஜாதி. இதுதான் ராஜா. தரையில் முட்டினால் பந்து மாதிரி குதித்து எழும். வெளிநாட்டில் 1990-களில் பறக்கும் இறக்கை மாதிரிகள் பரவியதற்கே இந்த நுரைதான் காரணம். ஆனால் நம்ம ஊர் ஸ்டேஷனரி கடையில் கேட்டால் "அப்படின்னா?" என்பார்கள். வரவழைக்க வேண்டும், காசும் ஆகும்.

நான்காவது, நம்ம தெர்மாகோல். இதை எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிறோம். 2017-இல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டு, அது காற்றில் கரை ஒதுங்கிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அங்கே எது குறையாக இருந்ததோ அதுதான் இங்கே நிறை. அத்தனை லேசு! அதற்குள் பெரும்பகுதி காற்றுதான். 12 மி.மீ. கனத்தில் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். குறை என்னவென்றால் நொறுங்கும். அதற்கு மருந்து பார்சல் ஒட்டுகிற பிரௌன் டேப். மேலும் கீழும் இழுத்து ஒட்டிவிட்டால் அதே தெர்மாகோல் நாலு மடங்கு அடி தாங்கும். என் கருத்து: முதல் இரண்டு இறக்கையை இதில் செய்து உடைப்போம். ஓட்டக் கற்றுக்கொண்டபின் மூன்றாவதை ஈ.பி.பி.யில் செய்யலாம். உடைக்கப் போகிற பொருளுக்கு முதலிலேயே காசு கொட்ட வேண்டாமே.

ஒட்டும்போது கவனம்! ஃபெவிக்விக் போட்டால் தெர்மாகோலைத் தின்றுவிடும். பெட்ரோல் வாசனை வருகிற ரப்பர் பசையும் அப்படித்தான். சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். காய ஒரு ராத்திரி ஆகும், பொறுமை வேணும்.

அளவு சொல்கிறேன், நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த அகலம் 100 செ.மீ. நடுவில் இறக்கையின் நீளவாக்கு 30 செ.மீ., நுனியில் 20 செ.மீ. நுனியின் முன் விளிம்பு மூக்கைவிட 25 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். இந்த அளவை ஏன் எடுத்தோம் என்றால், ஒரு பாதி இறக்கை 50-க்கு 45 செ.மீ. இடத்தில் அடங்கும். ஒரு அட்டையில் இரண்டு பாதியும் வந்துவிடும், வீணாகாது. இது அடித்தட்டு. இன்னொரு அட்டையில் இதே வடிவத்தின் முன்பாதியை மட்டும் வெட்டி மேலே ஒட்ட வேண்டும். அதாவது இறக்கையின் முன்பாதி இரண்டு அடுக்கு, பின்பாதி ஒரு அடுக்கு. நடுவில் படி மாதிரி ஒரு இறக்கம் நிற்கும்.

"படியா? இறக்கைன்னா வழவழன்னு வளைஞ்சு இருக்கணுமே" என்று இயற்பியல் சாரே கேட்டார். இதற்கு ஒரு கதை உண்டு. க்ளைன், ஃபோகிள்மன் என்று இரண்டு அமெரிக்கர்கள். க்ளைன் காகித விமானம் மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். மடிப்பில் ஒரு படி வந்தால் அது நிதானமாகப் பறக்கிறது என்று கவனித்தார். 1972-இல் இருவரும் அதற்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள். பெரிய விமானங்களுக்கு இந்த வடிவம் ஒத்துவரவில்லை. ஆனால் மெதுவாகப் பறக்கிற நுரை மாதிரிகளுக்கு இது வரப்பிரசாதம். வளைவாக இழைக்க சூடான கம்பி, அச்சு எல்லாம் வேண்டும். படிக்கு ஒரு பேப்பர் கட்டர் போதும். முன் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் உருட்டிவிட்டால் சரி.

இனி எடை. தெர்மாகோல் இரண்டு அடுக்கும் சேர்ந்து சுமார் 70 கிராம். டேப், மூங்கில் பட்டை சேர்த்து 45. சர்வோ இரண்டு 18. ரிசீவர் 10. சின்ன ரீசார்ஜ் செல் நாலு, 48. மூக்கில் வைக்கும் பாரம் ஒரு 30 என்று வைத்துக்கொண்டாலும் 221 கிராம்தான் வருகிறது. 250-க்குள் நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், காரணம் பின்னால் வரும்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஈர்ப்பு மையம். இந்த இறக்கையில் அது மூக்கு நுனியிலிருந்து 15.5 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். 18 செ.மீ.க்குப் போய்விட்டால் யாராலும் ஓட்ட முடியாது. ஆக, பறப்பதற்கும் விழுவதற்கும் நடுவே இருப்பது இரண்டரை செ.மீ.! சாதாரண வாலுள்ள விமானம் இந்த விஷயத்தில் கொஞ்சம் மன்னிக்கும். இது மன்னிக்காது. அதனால்தான் நமக்கு இது நல்லது என்கிறேன்.

15.5 எங்கிருந்து வந்தது? பாதி இறக்கை ஒரு சரிவகம். அதை அளவுப்படி தாளில் வரையுங்கள். நடுப்பக்கக் கோட்டை (30 செ.மீ.) பின்பக்கமாக 20 செ.மீ. நீட்டுங்கள். நுனிக் கோட்டை (20 செ.மீ.) முன்பக்கமாக 30 செ.மீ. நீட்டுங்கள். நீட்டிய இரண்டு முனைகளையும் இணையுங்கள். இரண்டு பக்கக் கோடுகளின் நடுப்புள்ளிகளையும் இணையுங்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடம் நடுவிலிருந்து 23.3 செ.மீ.யில் வரும். அந்த இடத்தில் இறக்கையின் நீளவாக்கு 25.3 செ.மீ. அதுதான் சராசரி. அதன் முன் விளிம்பிலிருந்து கால் பங்கு தூரம் போனால் மூக்கிலிருந்து 18 செ.மீ. அதுதான் எல்லைக்கோடு. 15 சதவீதத்தில் நின்றால் 15.5. கணக்கு டீச்சரிடம் காட்டினேன். கோட்டை அழித்துவிட்டு அவர்களே ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். "சரிவகத்தை வச்சு இவ்வளவு உபயோகமா ஒரு கணக்கு நான் கொடுத்ததே இல்லப்பா" என்றார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்!

பெரியதை வெட்டுமுன் குட்டியாகச் செய்து பார்ப்பது நல்லது என்று நம்ம வெள்ளானூர் வேல்டெக்கில் ஏரோநாட்டிக்கல் படிக்கிற ஒரு அண்ணன் பஸ்ஸில் சொன்னார். "முதல்ல ரேடியோ எல்லாம் வேணாம் தம்பி. கையால எறிஞ்சு நேரா போகுதான்னு பாருங்க" என்றார். அதனால் எல்லா அளவையும் 0.4-ஆல் பெருக்கி 40 செ.மீ. அகலக் குட்டி கிளைடர் செய்தோம். நடுவில் 12, நுனியில் 8, ஈர்ப்பு மையம் 6.2 செ.மீ.யில். 5 மி.மீ. மெல்லிய தெர்மாகோல் ஒரே அடுக்கு.

ஒரு அட்டையில் எத்தனை வரும்? பாதிகளை ஒரே திசையில் நெருக்கி அடுக்கினால் ஒரு வரிசைக்கு 7, இரண்டு வரிசைக்கு 14 பாதி, ஆக 7 கிளைடர். 8-ஆம் வகுப்புத் தங்கை ஒருத்தி ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஒரு வரிசைக்கு 9 வந்துவிட்டது! 9 கிளைடர். பதினொன்றாம் வகுப்புக்காரர்கள் நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம்.

எறிந்து பார்த்ததில்தான் எல்லோருக்கும் புரிந்தது. மூக்கில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப்பால் ஒட்டி ஒட்டி நகர்த்தினோம். (சின்ன எடைக்கல் மாதிரி உதவும்.) வேண்டுமென்றே நாணயத்தை எடுத்துவிட்டு எறிந்தால், மூக்கைத் தூக்கும், நிற்கும், விழும், மறுபடி தூக்கும். கடல் அலை மாதிரி. இரண்டு நாணயம் அதிகமாக வைத்தால் நேராகத் தரையில் குத்தும். அளவாக வைத்து, பின் விளிம்பை ஒரு நூல் மேலே வளைத்ததும், மைதானத்தில் கொடிக்கம்பத்திலிருந்து வேப்பமரம் வரைக்கும் சத்தமே இல்லாமல் மிதந்து போனது. ஒன்பது பேர் கையில் ஒன்பது கிளைடர். யாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கவில்லை.

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். 6,000-த்தில் பெரும்பங்கு டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும்தான் போகும். ரிச்சி தெருவில் விசாரித்தால் கடைக்குக் கடை விலை மாறுகிறது, பேரம் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். வாங்கும்போது எலிவான் மிக்ஸிங் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரே குச்சியை வைத்து இரண்டு மடிப்பையும் சேர்த்து அசைக்க முடியாது. இந்தச் செலவு ஒருமுறைதான். விமானம் உடையும், ரேடியோ நம் கையில் பத்திரமாக இருக்கும். அடுத்த வருஷத்துப் பிள்ளைகளும் அதையே வைத்துப் புது இறக்கை செய்யலாம்.

மோட்டார் ஏன் வேண்டாம் என்கிறேன்? பறக்கும் இறக்கையில் மோட்டாரைப் பின்னால்தான் வைப்பது வழக்கம். கையால் எறிகிறபோது சுழல்கிற விசிறி விரலுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்புறம் மோட்டாருக்கு லிப்போ பேட்டரி வேண்டும். அடிபட்டாலோ அதிகம் சார்ஜ் ஆனாலோ அது தீப்பிடிக்கக்கூடிய ஜாதி. ஆய்வகத்தில் வைக்க எந்த ஆசிரியர் சம்மதிப்பார்? கிளைடருக்கு சாதாரண ரீசார்ஜ் செல் போதும். மேலே ஏற்ற, ரப்பர் குழாயும் நைலான் நூலும் சேர்த்துக் கவண் மாதிரி இழுத்துவிடலாம்.

அடுத்தது சட்டம். பல பேர் இதை மறந்தே பேசுகிறார்கள். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு ட்ரோன் விதிகளைக் கொண்டுவந்தது. 250 கிராமும் அதற்குக் கீழும் 'நானோ' வகை, கட்டுப்பாடு குறைவு. என் 250 கிராம் பிடிவாதத்துக்கு இதுதான் காரணம். ஆனால் எடை மட்டும் போதாது. வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அரசு வரைபடம் வைத்திருக்கிறது. நாம் இருப்பதோ விமானப்படைத் தளமும் டாங்கித் தொழிற்சாலையும் இருக்கிற ஆவடிக்குப் பக்கம். ஆகவே எங்கே பறக்கவிடுவது என்பதை இயற்பியல் சார் வரைபடத்தில் பார்த்து, தலைமையாசிரியர் கையெழுத்தோடு எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகுதான் ரேடியோ விமானம் மேலே போக வேண்டும். ஏரிப் பக்கம் ஆள் இல்லையே என்று நாமாகப் போய்விடக் கூடாது. இந்த விதி ட்ரோனுக்கும் உண்டு. ட்ரோன் வாங்கினால் பதில் வரும்வரை அது பெட்டிக்குள்தான் தூங்கும். நம் திட்டத்திலோ அதுவரைக்கும் குட்டி கிளைடர்களை மைதானத்தில் எறிந்து, பெரிய இறக்கையை வெட்டி ஒட்டி, மையம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு நாளும் வீணாகாது.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் எழுதாவிட்டால் சுவரிதழ் ஆசிரியர் குழு என்னைத் திட்டும். முதல்முறை ஓட்டுகிறவருக்கு வாலுள்ள, இறக்கை மேலே வைத்த பயிற்சி விமானம்தான் எளிது என்கிறார்கள். ஓட்ட மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தரையில் முட்டினால் முதலில் முறிவது வாலும் அதைத் தாங்குகிற குச்சியும்தான். பறக்கும் இறக்கையில் முறிய ஒன்றும் நீட்டிக்கொண்டு இல்லை. இன்னொரு குறை, தூரத்தில் போனதும் அது நம்மைப் பார்த்து வருகிறதா, நம்மைவிட்டுப் போகிறதா என்றே தெரியாது. முக்கோணம் எந்தப் பக்கமும் முக்கோணம்தானே! இதற்குத்தான் அடியில் கறுப்புப் பட்டையும் மேலே ஆரஞ்சு நிறமும், இரண்டு நுனியிலும் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் வெட்டிய சின்னச் செங்குத்துத் துடுப்பும். துடுப்பு அழகுக்கு இல்லை, அது இல்லாவிட்டால் இறக்கை பக்கவாட்டில் ஆடும். காற்று அதிகமானால் 200 கிராம் இறக்கை அலைக்கழியும் என்பதும் உண்மை. கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று நம் பக்கம் வந்துவிடும். காலை ஆறரையிலிருந்து ஏழரைதான் நல்ல நேரம். டியூஷன்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

இன்னொன்று, இது முக்கியம். தெர்மாகோல் மக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தெர்மாகோல் டம்ளருக்குத் தடையே இருக்கிறது. அதனால் புது அட்டை வாங்குவதைக் குறைத்து, டி.வி., ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியில் இருக்கும் துண்டுகளைக் குட்டி கிளைடருக்கு எடுத்துக்கொள்வோம். வெட்டும்போது பறக்கிற வெள்ளைப் பொடி இருக்கிறதே, அது நம் ஆயாம்மாவுக்குத்தான் வேலை வைக்கும். துடைப்பத்தில் பெருக்கினால் பறந்து பறந்து ஓடும். அவர்கள் ஏற்கெனவே ஒருநாள் "யாருடா பனிமழை பெய்ய வெச்சது" என்று கேட்டுவிட்டார்கள். ஆகவே அறைக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, செய்தித்தாள் விரித்து வெட்டுவது, முடிந்ததும் ஈரத் துணியால் நாமே துடைத்துவிட்டுப் போவது. இதற்குச் சம்மதிக்காதவர்களுக்கு எங்கள் கட்சியில் இடம் இல்லை!

கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை 4.15-க்கு, இயற்பியல் ஆய்வகத்தில். கை தூக்கி வாக்கெடுப்பு என்று சார் சொல்லியிருக்கிறார். 6, 7-ஆம் வகுப்புக்காரர்களும் வரலாம், அவர்களுக்கும் ஓட்டு உண்டு. ஒன்பது குட்டி கிளைடரும் அங்கே இருக்கும், எறிந்து பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள். வருகிறவர்கள் வீட்டில் சும்மா கிடக்கிற பெட்டித் தெர்மாகோல், பழைய செய்தித்தாள், 30 செ.மீ. ஸ்கேல் கொண்டுவந்தால் நல்லது. கட்டர் கொண்டுவர வேண்டாம், சாரிடம் இரண்டு இருக்கிறது. கீழே ஒட்டியிருக்கும் வரைபடத்தைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து கிழிக்காதீர்கள். ஒன்றுதான் வரைந்திருக்கிறேன்.

— 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன், அறிவியல் மன்றம்